முப்பது டிகிரியில் ஒரு தோட்டம்

தட்டுபோல் வட்டமான அலங்கார மீன் டிஸ்கஸ். அதற்குச் சென்னையில் நல்ல பெயர் கிடையாது. காசைக் கரைக்கும், நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் மிதக்கும், எதற்கெடுத்தாலும் கறுத்துப்போய் மூலையில் முடங்கும் என்பார்கள். அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் நான் முதன்முதலில் விலை கேட்டபோது கடைக்காரரே, "இப்போது இது வேண்டாம் சார், ஆறு மாதம் கப்பி மீன் வளர்த்துவிட்டு வாருங்கள்" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினார். நல்ல மனிதர். ஆனாலும் மடிப்பாக்கத்தில் ஓர் இரண்டாவது மாடி வீட்டில் பல வருடங்களாக இந்த மீனையும் செடிகளையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீன் அவ்வளவு வம்பு பிடித்ததில்லை. நம் ஊர் வெயில்கூட அதற்குப் பகையில்லை. வம்பெல்லாம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, நாம் ஆசைப்படும் செடிகள். இன்னொன்று, வாரத்துக்கு ஒரு குணத்தோடு வந்து சேரும் நம் வீட்டுத் தண்ணீர்.

முதலில் வெயில். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். குளிர் நாடுகளில் இதற்காக ஆண்டு முழுவதும் ஹீட்டர் ஓடுகிறது. எங்கள் வீட்டில் மார்கழி, தை விடியற்காலைகளைத் தவிர ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்து நான் பார்ப்பதில்லை. கத்திரி வெயில் நாட்களில் நிலைமை தலைகீழ். வெப்பமானி 33-ஐத் தொடும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ மூச்சின் தேவை கூடுகிறது. நான் செய்வது இவ்வளவுதான்: தொட்டி விளக்கை மாலை ஐந்து மணிக்கு மேல் எரியுமாறு டைமரில் மாற்றிவிடுவேன், தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன மேசை விசிறி, இரவு முழுக்க ஏர் பம்ப். விசிறி இரண்டு டிகிரியாவது இறக்கும். ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், போர்வெல் தண்ணீரால் நிரப்பாதீர்கள்.

செடிக்கு வருவோம். இந்த மீனினத்துக்கு 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் அறிவியல் பெயர் வைத்தார். அமேசான் படுகையில் அது வாழும் இடங்களின் படங்களைப் பார்த்தால் நமக்கு ஏமாற்றமாக இருக்கும். பச்சைப் புல்வெளியோ சிவப்புச் செடிகளோ கிடையாது. மெதுவாக ஓடும் தண்ணீர், அதில் சாய்ந்து மூழ்கிய மரங்கள், பின்னிக் கிடக்கும் வேர்கள், அழுகும் இலைகள். ஆக, டிஸ்கஸ் கேட்பது மறைவிடம். செடி கேட்பது நாம். இதை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சூட்டை மீனுக்குப் பொருத்தமாக நிறுத்திவிட்டு, அந்தச் சூட்டைத் தாங்கும் செடியை மட்டும் வைக்க வேண்டும். படத்தில் பார்த்த தொட்டியை முதலில் உருவாக்கிவிட்டு அதில் டிஸ்கஸை இறக்குபவர்கள் ஒன்று செடியை இழக்கிறார்கள், இல்லாவிட்டால் மீனை.

முப்பது டிகிரியில் என் தொட்டியில் நிலைத்தவை: அனுபியாஸ், அமேசான் சுவார்டு, வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் வென்டி. கடைசியாகச் சொன்னது இலங்கையைப் பிறப்பிடமாகக் கொண்ட செடி. நம் சூடு அதற்குச் சொந்த வீட்டுச் சூடு. நட்ட புதிதில் இலையெல்லாம் கூழாகிக் கரைந்து கடைசி இலையும் போய்விடும். பதறிப் பிடுங்கிவிடக் கூடாது, கிழங்கு உயிரோடு இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும். ஜாவா ஃபெர்ன் பிழைக்கும், கோடையில் இலை நுனி கறுக்கும். தரையில் கம்பளம் போலப் படரும் குட்டிச் செடிகளையும், 25 டிகிரிக்கு மேல் வாடும் சிவப்பு வகைகளையும் மறந்துவிடுங்கள். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மணலில் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். அவற்றின் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இந்தச் செடிகளுக்குக் கட்டாயமில்லை. வைத்தே தீருவேன் என்பவர்கள், விளக்கு அணையும்போது வாயுவும் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். இரவில் செடியும் மூச்சுவிடுகிறது, அதுவும் ஆக்சிஜனைத்தான் எடுக்கிறது.

தரைக்கு மென்மையான மணல். இதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. டிஸ்கஸ் சாப்பிடுவதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். தலையைச் சற்றுக் கீழே சாய்த்து, மணலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்று, வாயால் தண்ணீரைப் பீய்ச்சும். மணல் சிறு குழியாகக் கலையும், உள்ளே கிடந்த புழு மேலே எழும்பும், அந்த நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய கூழாங்கல் போட்டால் உணவு இடுக்கில் சிக்கி அழுகும். மீனுக்கும் இந்த விளையாட்டு போய்விடும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கருங்கல், ஓரமெல்லாம் கூர்மை. ஆற்று மணல் கிடைத்தால் ஒரு பிடியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, தண்ணீரை மெல்ல மெல்லக் கடினமாக்கும். மணலில் சத்து இல்லை என்பதால் சுவார்டுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் வேரடியில் உர மாத்திரை புதைக்கிறேன். அக்வா சாயில் என்னும் விலையுயர்ந்த சத்து மண்ணைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில வகைகள் ஆரம்ப வாரங்களில் அம்மோனியா கக்கும். அது அடங்கும் வரை மீனை நினைக்கவே வேண்டாம். எப்படிப்பட்ட தொட்டியானாலும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

இனி தண்ணீர். இந்த ஊரில் டிஸ்கஸ் வளர்ப்பவனின் முழு வேலையும் இதுதான்.

எங்கள் குடியிருப்பில் ஒரே சம்ப்பில் மூன்று வகைத் தண்ணீர் கலக்கிறது: போர்வெல், லாரி, குழாய்த் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒரு வாரம் 350 காட்டும், அடுத்த வாரம் 1,100 காட்டும். பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் இன்றைய டிஸ்கஸ், அமேசான் அளவுக்கு மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீரைக் கேட்பதில்லை, பி.எச். (அமில, கார அளவு; 7 என்றால் நடுநிலை) 7 அல்லது 7.5-இல் நன்றாகவே வாழும். அது தாங்காதது மாற்றத்தை. ஆகவே பால்கனியில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வைத்திருக்கிறேன். சம்ப்புத் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் அதில் கலந்து, மீட்டர் எப்போதும் ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். என் எண் 250. உங்கள் எண் வேறாக இருக்கலாம். அதை மாற்றாமல் இருங்கள். டிரம்மில் ஒரு ஏர் ஸ்டோன் ஒரு நாள் முழுக்கக் குமிழிவிட்ட பிறகே தண்ணீர் தொட்டிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எனக்குக் கொண்டாட்டம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு பதித்த குழாய்களில் ஒன்று எங்கள் மொட்டைமாடியிலும் இருக்கிறது. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, தளம் கழுவப்பட்ட பின் பிடிக்கும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. துணியில் வடித்து டிரம்மில் சேர்த்தால் அந்த மாதங்களில் ஆர்.ஓ. எந்திரத்துக்கு ஓய்வு.

தண்ணீர் மாற்றும்போது பி.எச். ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. முப்பது டிகிரியில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மீன் கழிவால் சேரும் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் ஏழு, ஏழரைப் பங்கு. அம்மோனியாவின் அளவு கூடவே இல்லை, விஷம் மட்டும் கூடிவிட்டது. பழைய தண்ணீரிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்ததால் அம்மோனியா சேர்ந்து, பி.எச். இறங்கிப்போன தொட்டிக்கு ஒருநாள் திடீரென்று சுத்த உணர்வு வந்து பாதித் தண்ணீரைப் பி.எச். கூடிய போர்வெல் தண்ணீரால் மாற்றுபவர்கள், "நல்ல தண்ணீர் ஊற்றினேன், செத்துவிட்டது" என்று கையைப் பிசைவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். வளர்ந்த மீன்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினால் போதும், ஆனால் அந்த வாரம் தவறக் கூடாது.

குளோரின் இன்னொரு கண்டம். குழாய்த் தண்ணீரில் உள்ள அளவைக் கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேட் துளிகள் சமாளித்துவிடும். சம்ப் கழுவும் நாள்தான் ஆபத்து. ஒருமுறை மழை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் யாருக்கும் சொல்லாமல் சம்ப்பில் ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். குளியலறையில் வந்த நீச்சல்குள வாடை என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து மஞ்சள் நிறம் காட்டும் குளோரின் சோதனைத் துளி ஒரு பாட்டில் டிரம் பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை சம்ப் கழுவும் காவலாளி அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வேன். "என்ன சார், மீனுக்குக் குளியலா?" என்று சிரித்துக்கொண்டே தேதி சொல்வார்.

2019 கோடையைச் சொல்லாமல் சென்னைத் தண்ணீரைப் பற்றி எழுத முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்த சமயம். அந்த நாட்களில் ஒரு தொட்டிக்கு 200 லிட்டர் மாற்றுவது மனசாட்சியோடு செய்யக்கூடிய காரியமாக இல்லை. மீன்களில் பாதியைப் பெங்களூரில் இருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். மாற்றிய தண்ணீரை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கும் பயன்படுத்தினோம். ஒரு டிஸ்கஸுக்கு 40 முதல் 50 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள என் தொட்டியில் 450 லிட்டர் பிடிக்கும். ஏட்டுக் கணக்குப்படி ஒன்பது மீன் வைக்கலாம். நான் ஆறோடு நிறுத்திக்கொண்டேன். மே மாதத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைக்குமோ அதை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஐந்துக்குக் கீழேயும் போகாதீர்கள். இரண்டு, மூன்று மீன் இருந்தால் பலசாலி ஒன்று மெலிந்ததைத் துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும். இன்னொன்று, தண்ணீர், கண்ணாடி, மணல், மேடை எல்லாம் சேர்த்து இந்த அளவுத் தொட்டி அரை டன்னைத் தாண்டும். மாடி வீட்டில் சுவரோரமாக, உத்தரத்துக்கு மேல் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பொறியாளரிடம் கேளுங்கள்.

மீன் வாங்கக் கொளத்தூருக்குப் போகும்போது காலை நேரத்தில், அவசரமில்லாமல் போங்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கண்: உடலோடு ஒப்பிட்டால் கண் சின்னதாக இருக்க வேண்டும். உடல் சிறுத்துக் கண் பெரிதாக இருந்தால் வளர்ச்சி குன்றிய மீன், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வட்டமாகாது. அடுத்து செவுள்: இரண்டும் ஒரே சீராகத் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கத்தில் மட்டும் மூச்சுவிட்டால் செவுள் ஒட்டுண்ணி இருக்கலாம். மூன்றாவது, என் கண்ணெதிரே உணவு போடுங்கள் என்று கேளுங்கள். முன்னால் ஓடிவரும் மீனை எடுங்கள். இரண்டு அங்குலக் குஞ்சுகள் விலை மலிவு, ஆனால் செடித் தொட்டிக்கு ஏற்றவையல்ல. அவற்றுக்கு நாளுக்கு ஐந்தாறு வேளை உணவும் தினசரி தண்ணீர் மாற்றமும் வேண்டும். மணலில்லாத வெறும் தொட்டியில்தான் அது நடக்கும். நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். டிஸ்கஸின் நிற வகைகளில் பிஜியன் பிளட் வகைகள் இருண்ட பின்னணியில் மேலெல்லாம் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி காட்டும். செடித் தொட்டிக்கு டர்க்வாய்ஸ் வகைகளே என் தேர்வு. குட்டி மீனிலேயே கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தால் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். வாங்கி வந்ததும் தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடவேண்டும்.

உடன் விடுவதற்குக் கார்டினல் டெட்ராவும் ஸ்டெர்பாய் கோரிடோரஸும் நல்ல துணை, இரண்டும் சூட்டைத் தாங்கும். நியான் டெட்ரா பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் குளிர்ச்சி விரும்பி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீனை வாங்காதீர்கள். இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டி அதன் வழவழப்பை உறிஞ்சும். காலையில் பக்கவாட்டில் வட்டத் தழும்பு தெரியும்.

உணவு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அம்மா சைவம். மேல்நாட்டில் டிஸ்கஸுக்கு மாட்டு இதயம் அரைத்துக் கொடுப்பது வழக்கம் என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இறால் வரை இறங்கி வந்தார். அதுவும் அவருடைய மிக்ஸியைத் தொடக் கூடாது, பால்கனியில் வைத்த குட்டி ஃப்ரீசரில்தான் இருக்க வேண்டும். உண்மையில் இறாலே நல்லது. மாட்டு இதயக் கலவை செடித் தொட்டியில் தூளாகச் சிதறி இலைகளில் படியும், பாசி கிளம்பும். ஓட்டையும் குடலையும் நீக்கிய இறால், முள்ளில்லாத மீன் சதை, வேகவைத்துப் பிழிந்த கீரை கொஞ்சம், ஸ்பைருலினா தூள் ஆகியவற்றை அரைத்து, பாலித்தீன் பையில் அப்பளம்போல் தட்டையாக்கி உறையவைத்தால், வேண்டும்போது ஒடித்துப் போடலாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை மீன் பாய்ந்து தின்னும், நான் கொடுப்பதில்லை. அது எந்தச் சாக்கடையிலிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள் கொடுக்க மாட்டார்கள்.

கொசு மருந்து பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் ஜன்னல்கள் சாத்தப்படும், தொட்டி மேல் ஈரத்துணி விழும், ஏர் பம்ப் நிற்கும். கொசுவைக் கொல்லும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்தும் எந்திரம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், பிளக்கில் சொருகும் திரவமும் வேண்டாம். வலை அடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கற்றுக்கொடுத்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டில் நாள்கணக்கில் இருட்டு. பேட்டரியில் ஓடும் இரண்டு ஏர் பம்புகளும் அவற்றோடு இணைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர்களும் தொட்டியைத் தாங்கின. உணவை அடியோடு நிறுத்திவிட்டேன். வளர்ந்த டிஸ்கஸ் சில நாள் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. மின்சாரம் திரும்பியபோது செய்யக் கூடாத ஒன்று உண்டு: தொட்டிக்கு வெளியே மூடிக்கிடந்த கனிஸ்டர் ஃபில்டர் என்னும் டப்பா வடிகட்டியை அப்படியே ஓடவிடுவது. ஆக்சிஜனில்லாமல் உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் செத்து அழுகியிருக்கும். திறந்தபோது வந்த அழுகிய முட்டை வாடை இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டி, உள்ளிருக்கும் வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே பொருத்த வேண்டும்.

நோய்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீனின் கழிவு வெள்ளை நூலாகத் தொங்கி, மீன் உணவை வாயில் எடுத்துத் துப்பினால் குடலில் ஒட்டுயிரி இருக்க வாய்ப்பு அதிகம். தனித் தொட்டிக்கு மாற்றி மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். மருந்தைச் செடித் தொட்டியில் கொட்டாதீர்கள். அளவை அனுபவமுள்ளவரிடமோ மீன்வள மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் விழும் நாட்டு வாதுமை இலையைக் காயவைத்துப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் தெளிச்சியாக இருக்கும். ஆனால் அது மருந்துக்கு மாற்று இல்லை.

ஆறு மீனில் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் அமேசான் சுவார்டின் அகன்ற இலையைத் துடைக்கத் தொடங்கும். மாலையில் முட்டை வரிசையாக ஒட்டியிருக்கும். விளக்கு அணைந்ததும் டெட்ராக்கள் அவற்றைத் தின்று வேலையை முடித்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி இடும். செடித் தொட்டியில் நான் இதைத் தடுப்பதில்லை. குஞ்சு வேண்டும் என்றால் அந்த ஜோடியை மணலில்லாத 100 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட ஒரு மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கடினத் தண்ணீரில் முட்டைகள் கருவுறாமல் வெளுத்துப் போகும் என்பதால் இங்கே ஆர்.ஓ. தண்ணீரின் பங்கைக் கூட்ட வேண்டும். இரண்டரை நாளில் பொரியும், இன்னும் மூன்று நாளில் நீந்தத் தொடங்கும். நீந்தியதும் குஞ்சுகள் நேராகத் தாய், தந்தையின் உடம்பில் போய் மொய்த்து, தோலில் ஊறும் வழவழப்பைத் தின்னும். ஒன்று களைத்தால் உடம்பை ஒரு வெட்டு வெட்டிக் குஞ்சுகளை உதறும். அவை அப்படியே மற்றதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த நாட்களில் இரவிலும் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும், இருட்டில் குஞ்சுகள் வழி தவறிவிடும். நான்கைந்து நாள் கழித்து, முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய உப்புநீர் இறால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் பெற்றோரைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அதற்குள் அவற்றின் தோல் புண்ணாகியிருந்தால் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.